காரின் பின்பக்கம் ‘ஊம்ம்’ என்று இரைகிறதா? வேலூர்ப் பக்கத்து வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவே சின்னதாக ஒரு ஷெட் வைத்திருக்கிறேன். மாதத்துக்கு நாலைந்து வண்டியாவது இந்த ஒரே புகாரோடு வந்து நிற்கிறது: “பின்னாடி ஊம்ம்னு ஒரு சத்தம் வருதுண்ணா.” சிலர் மாவு மெஷின் ஓடுகிற மாதிரி என்பார்கள். சிலர் தூரத்தில் விமானம் போகிற மாதிரி என்பார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே எங்கேயோ காசு செலவழித்துவிட்டு வருகிறார்கள். பேரிங் மாற்றியாகிவிட்டது, பிரேக் ஷூ மாற்றியாகிவிட்டது, சத்தம் மட்டும் போகவில்லை. அந்த வருத்தத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். இந்தச் சத்தத்தில் சாமான் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனைகள் இருக்கின்றன. அதில் முக்கால்வாசியை நீங்களே செய்துவிடலாம், காசே ஆகாது.

சத்தம் கேட்குது. முதல்ல எதைப் பார்க்கணும்?

சத்தம் எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். வண்டியின் வேகத்தோடா, இன்ஜின் சுற்றோடா? இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில் 60 கி.மீ. வேகத்தில் நாலாவது கியரில் போங்கள். பிறகு அதே வேகத்தில் மூன்றாவது கியருக்கு வாருங்கள். இன்ஜின் சுற்று கூடியிருக்கும், வண்டி வேகம் மாறியிருக்காது. இரைச்சல் மாறாமல் அப்படியே இருந்தால் அது சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று: டயர், வீல் பேரிங் (சக்கரம் இலகுவாகச் சுற்ற உள்ளே இருக்கும் இரும்புக் குண்டு வளையம்), பிரேக் டிரம், பின்சக்கரம் இழுக்கும் வண்டியானால் கிரவுன் பினியன் (பின் ஆக்சில் நடுவில் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கர ஜோடி). சுருதி ஏறினால் அது சைலன்சர் பக்கமோ, இன்ஜின் பக்கமோ. அதற்குக் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

அடுத்து நியூட்ரல் சோதனை. 60-ல் போகும்போது நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு வண்டியைத் தானாக உருள விடுங்கள். இன்ஜினை மட்டும் அணைக்கவே கூடாது. அணைத்தால் பிரேக்குக்கான பவர் போகும், ஸ்டியரிங் கனத்துவிடும், சாவியைத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டியும் கொள்ளலாம். உருளும்போதும் இரைச்சல் அப்படியே தொடர்ந்து, வேகம் குறையக் குறைய அடங்கினால், இன்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னைக்கு ராத்திரி குடும்பத்தோட சென்னை போகணும். இந்தச் சத்தத்தோட போலாமா?

இதற்குச் சுற்றி வளைத்துப் பதில் சொல்ல மாட்டேன். டயர் சத்தம் என்று உறுதியாகத் தெரிந்து, கம்பி தெரியாமல், வீக்கம் இல்லாமல், போதிய பட்டன் (டயரின் மேல் ரப்பர் கட்டைகள்) இருந்தால் போகலாம். எரிச்சல்தான், ஆபத்தில்லை. பேரிங் என்று சந்தேகம் வந்தால் நெடும்பயணம் வேண்டாம்.

கீழே சொல்லும் நாலில் ஒன்று இருந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள். இரைச்சல் போய் ‘கரகர’ என்று அரைக்கும் சத்தம் வருவது. ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை ஆட்டினால் லொடலொடப்பது. ஒரு சக்கரத்தின் நடுப்பகுதி மட்டும் மற்றதைவிடக் கொதிப்பது. இரைச்சலோடு ஏ.பி.எஸ். விளக்கும் எரிவது. முழுக்கக் கெட்ட பேரிங் சூடேறி இறுகும், இல்லையென்றால் சக்கரத்தின் பிடி தளரும். வாலாஜாவுக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே லாரிகளுக்கு மத்தியில் 90-ல் போகும்போது அது நடக்கக் கூடாது. பஸ்ஸிலோ ரயிலிலோ போங்கள், காட்பாடி ஜங்ஷன் பக்கத்திலேயே இருக்கிறது.

டயரா, பேரிங்கா? எப்படிப் பிரிச்சுத் தெரிஞ்சுக்கிறது?

எல்லாரும் தடுமாறுகிற இடம் இதுதான், நானும் தடுமாறியிருக்கிறேன். இரண்டும் சக்கரத்தோடு சுற்றுகிறவை, இரண்டும் வேகத்தோடு ஏறுகிறவை. பிரித்துக் காட்டுவது ரோடு.

டயர் சத்தம் ரோட்டைப் பொறுத்து மாறும். புதிதாகத் தார் போட்ட துண்டில் அடங்கும், ஜல்லி மேலே தெரியும் பழைய தாரில் எகிறும், சிமென்ட் ரோட்டில் வேறு சுருதியில் வரும். பேரிங்குக்கு ரோடு எதுவானாலும் ஒன்றுதான், ஒரே பாட்டு. சோதிக்க நம் பக்கம் வசதி இருக்கிறது: நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு அதே வேகத்தில் கணியம்பாடி, கண்ணமங்கலம் ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் சத்தம் மாறவே இல்லையென்றால் பேரிங் பக்கம் சந்தேகத்தைத் திருப்பலாம்.

இன்னொரு அடையாளம் உண்டு. டயர் சத்தத்துக்குப் பிடித்த வேகம் என்று ஒன்று இருக்கும். 40-ல் தொடங்கி 60, 70-ல் நன்றாகக் கேட்டு, அதற்கு மேல் காற்றுச் சத்தத்தில் கரைந்துவிடும். ஊர்ந்து போகும்போது ‘வாவ் வாவ் வாவ்’ என்று அலையாகவும் வரலாம். பேரிங் அப்படியில்லை. வேகம் ஏற ஏற அதுவும் ஏறிக்கொண்டே போகும். வாரத்துக்கு வாரம் வளரவும் செய்யும். டயர் சத்தம் மாதக் கணக்கில் மெதுவாக வளரும்.

காற்றைக் கொண்டும் சோதிக்கலாம். பின்சக்கரம் இரண்டிலும் வழக்கத்தைவிட நாலு பவுண்டு கூடுதலாக அடித்து (டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல்) அதே ரோட்டில் ஓட்டுங்கள். சத்தத்தின் குரல் மாறினால் டயர். சோதனை முடிந்ததும் காற்றைப் பழைய அளவுக்கு இறக்கிவிடுங்கள்.

கடைசியாக, எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனை: பின்டயரை முன்னுக்கும் முன்டயரைப் பின்னுக்கும் மாற்றுவது. சத்தம் டயரோடு முன்னால் வந்துவிட்டால் வழக்கு முடிந்தது. எந்தப் பஞ்சர் கடையிலும் அரை மணி நேரத்தில் செய்து கொடுப்பார்கள். ஆம்பூரில் வண்டியை நிறுத்திப் பிரியாணி சாப்பிடுகிற செலவு கூட ஆகாது. இதைச் செய்யாமல் பேரிங் மாற்றச் சொல்லும் யாரையும் “முதல்ல டயரை மாத்திப் போட்டுப் பாத்தீங்களா?” என்று கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம், உங்கள் காசு.

ஸ்டெப்னி முழு அளவு டயராக இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். முதலில் இடது பின்சக்கரத்தில் போட்டு ஒரு சுற்று, பிறகு வலது பின்சக்கரத்தில் போட்டு ஒரு சுற்று. எந்தப் பக்கம் போட்டபோது சத்தம் குறைந்ததோ அந்தப் பக்கத்து டயர்தான் ஆள். இப்போது சில வண்டிகளில் மெலிந்த ஸ்டெப்னி கொடுக்கிறார்கள். அதில் 80-க்கு மேல் போகக் கூடாது, இந்தச் சோதனைக்கும் ஆகாது.

டயர்ல பட்டன் நல்லா இருக்கே, புதுசு மாதிரி இருக்கே. அது எப்படிக் கத்தும்?

கண்ணால் பார்த்தால் தெரியாது, கையால் தடவ வேண்டும். வண்டியை நிறுத்திச் சூடு ஆறியதும், முதலில் டயரில் கம்பி எங்கும் வெளியே வரவில்லையே என்று பாருங்கள், வந்திருந்தால் கையைக் கிழிக்கும். பிறகு உள்ளங்கையை டயரின் மேல் வைத்து முன்னிருந்து பின்னாகத் தடவுங்கள், அப்புறம் பின்னிருந்து முன்னாக. ஒரு பக்கம் வழுவழுவென்று போய், மறுபக்கம் ரம்பப் பல் மாதிரி உறுத்தினால் அதுதான் சத்தம். ஒவ்வொரு பட்டனும் ஒரு முனை உயர்ந்து ஒரு முனை தாழ்ந்து தேய்ந்திருக்கிறது. அந்த உயர்ந்த முனைகள் வரிசையாக ரோட்டில் அடிக்கும்போது நமக்கு ‘ஊம்ம்’ என்று கேட்கிறது. உட்புற ஓரத்தை மறக்காமல் தடவுங்கள். வெளியே நன்றாக இருந்து உள்ளே மட்டும் தேய்ந்த டயர் ஏராளம். சில டயரில் கைக்கு மேடு பள்ளமாக, கிண்ணம் கிண்ணமாகக் குழி தட்டுப்படும். அது ஷாக் அப்சார்பர் போனதற்கான கையெழுத்து.

பின்டயர் ஏன் இப்படித் தேய்கிறது? நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. பின்சக்கரத்தில் பாரம் குறைவு, அது சும்மா உருண்டு வருகிறது. முன்டயர் சீக்கிரம் தேய்வதால் அதையே மாற்றிக்கொண்டிருப்போம், பின்டயரை 30,000 கி.மீ. வரை யாரும் தொட மாட்டார்கள். 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒரு முறை இடம் மாற்றியிருந்தால் இந்த ரம்பப் பல் அவ்வளவாக வளராது. முன்டயர்களை நேராகப் பின்னுக்கும், பின்டயர்களைக் குறுக்காக முன்னுக்கும் கொண்டுவருவது இந்த வண்டிகளுக்கு வழக்கம். பக்கவாட்டில் அம்புக்குறி போட்ட டயரானால் பக்கம் மாற்றக் கூடாது, முன்பின்னாக மட்டும்.

காற்றும் ஒரு காரணம். பெட்ரோல் பங்கில் அவசரத்தில் “35 அடிப்பா” என்று நாலு சக்கரத்துக்கும் அடித்துவிட்டுப் போகிறோம். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் உங்கள் வண்டிக்கான அளவு இருக்கிறது. காலையில் டயர் சூடாகும் முன் அந்த அளவுக்கு அடியுங்கள். மே மாதத்து வேலூர் வெயிலில் 40 கி.மீ. ஓட்டிவிட்டுப் போய் அளந்தால் காட்டும் கணக்கு உண்மையான கணக்கு அல்ல.

வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போன டயர் கத்தும். பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தில் சின்ன மேடுகள் உண்டு, அவற்றின் உயரம் 1.6 மி.மீ. பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் சத்தத்தைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை, டயரை மாற்றியாக வேண்டும்.

போன வருஷம் குடியாத்தத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பாட்டிக்கு வைத்தியம், வாராவாரம் சி.எம்.சி.க்கு வந்து போகிறவர்கள். வேறு ஓர் இடத்தில் பின்பேரிங் இரண்டும் மாற்றியிருக்கிறார்கள், சத்தம் அப்படியே. “பாட்டிக்குப் பின்சீட்ல தலை வலிக்குதுங்க, இந்தச் சத்தத்துல தூங்கவே மாட்டேங்கிறாங்க” என்றார் மகன். கையை வைத்துத் தடவிய உடனே தெரிந்தது, இரண்டு பின்டயரும் கிண்ணக் குழி. ஷாக் இரண்டிலும் எண்ணெய் கசிந்து காய்ந்திருந்தது. மாற்றிய பேரிங்கைக் கழற்றிப் பார்க்கவில்லை, பழையதும் அவர்கள் கையில் இல்லை. ஆனால் ஷாக்கையும் டயரையும் மாற்றியதும் வண்டி அடங்கிவிட்டது. அந்தப் பேரிங் காசு வைத்தியத்துக்கு ஆகியிருக்கும். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அலைன்மென்ட் பண்ணியாச்சு, அப்புறமும் பின்டயர் தேயுதே?

அலைன்மென்ட் என்றால் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அளந்து சரிசெய்வது. பெரும்பாலான கடைகளில் முன்சக்கரத்தை மட்டும் சரிசெய்துவிட்டு அனுப்புகிறார்கள். சின்னக் கார்களில் பின் ஆக்சில் ஒரே துண்டாக இருக்கும், அதில் திருகிச் சரிசெய்ய எதுவும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அளந்து பார்க்கலாம் அல்லவா? நாலு சக்கரத்தின் கணக்கும் அச்சடித்த தாளைக் கேட்டு வாங்குங்கள். பின்சக்கரம் இரண்டில் ஒன்று மட்டும் கணக்குக்கு வெளியே நின்றால், எங்கோ பள்ளத்தில் இறங்கியோ தடுப்பில் இடித்தோ ஆக்சில் வளைந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் சில ஆயிரம் கி.மீ.யில் அதே சத்தம் திரும்ப வரும்.

வளைச்சு ஓட்டிப் பார்த்தா எந்தப் பக்கப் பேரிங்னு தெரியுமாமே?

தெரியும், பல நேரம். வண்டி வலதுபக்கம் வளையும்போது பாரம் இடது சக்கரங்களின் மேல் சாய்கிறது. இடதுபக்கம் வளைந்தால் வலது சக்கரங்களின் மேல். பழுதான பேரிங்கின் மேல் பாரம் ஏறினால் கத்தும், இறங்கினால் அடங்கும். ஆகவே காலி ரோட்டில் 40, 50 வேகத்தில் மெதுவாகப் பாம்பு போல் வளைத்துப் பாருங்கள். வலப்பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடினால் இடது பேரிங் மேல் சந்தேகம்.

சந்தேகம் என்றுதான் சொல்கிறேன், தீர்ப்பு என்று சொல்லவில்லை. இப்போதைய பேரிங்குகளில் பல இரண்டு வரிசை பால்ஸ் (இரும்புக் குண்டுகள்) உள்ளவை. உள்வரிசை கெட்டதா வெளிவரிசை கெட்டதா என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு தலைகீழாகவும் போகும். தொழிலுக்கு வந்த புதிதில் இந்தச் சோதனையை மட்டும் நம்பி ஒருவருக்கு இடது பேரிங்கை மாற்றிவிட்டேன். சத்தம் வலதில் இருந்தது. மறுநாளே வரச் சொல்லி, கூலி வாங்காமல் வலதையும் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து வளைத்துப் பார்த்ததோடு நிறுத்துவதில்லை, தூக்கியும் பார்த்துவிடுவேன்.

ஏலகிரி மாதிரி மலைப்பாதையில் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அங்கே 14 கொண்டை ஊசி வளைவு, எதிரே பஸ் வரும். கவனம் ரோட்டில் இருக்கட்டும்.

ஜாக்கி போட்டுத் தூக்கி என்ன பார்க்கணும்?

சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுங்கள். முதல் கியரில் போட்டுவிடுங்கள், ஹேண்ட் பிரேக்கை மட்டும் விடுவியுங்கள். (பின்சக்கரம் இழுக்கும் வண்டியானால் கியரில் போட்டால் சக்கரம் சுற்றாது. அதை ஷெட்டில் செய்வதே நல்லது.) தூக்கியதும் ஸ்டாண்டு கொடுக்காமல் வண்டிக்கு அடியில் கையோ தலையோ போக வேண்டாம். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான்.

சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து, உள்ளே தள்ளி வெளியே இழுத்து ஆட்டுங்கள். லொடலொடப்பு இருக்கவே கூடாது. இருந்தால் பேரிங் போய்விட்டது, இல்லையென்றால் ஹப் நட் (சக்கரத்தின் நடுத்துண்டைப் பிடித்திருக்கும் நட்) தளர்ந்திருக்கிறது. ஆனால் லொடலொடப்பு இல்லை என்பதற்காகப் பேரிங் நல்லது என்று ஆகிவிடாது. கத்துகிற பேரிங்குகளில் நிறைய, ஆட்டினால் கல் மாதிரி அசையாமல் இருக்கும். அதனால் அடுத்ததைச் செய்யுங்கள்: ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, மறு கையை அந்தப் பக்கத்துச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் மெதுவாக வையுங்கள். விரலை நசுக்காத இடமாகப் பார்த்து வையுங்கள். நல்ல பேரிங்கானால் ஸ்பிரிங்கில் ஒன்றும் தெரியாது. கெட்டதானால் மணலை அரைக்கிற மாதிரி ஓர் அதிர்வு விரலுக்கு வரும். காதுக்குக் கேட்காததைக் கூட ஸ்பிரிங் சொல்லிவிடும். இடம் வலம் இரண்டையும் செய்து ஒப்பிட வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் எது சரி என்று கை சொல்லாது.

சுழற்றும்போது ‘உஷ் உஷ்’ என்று ஒரே இடத்தில் உரசினால் அது பிரேக் ஷூ, பேரிங் இல்லை.

தொட்டுப் பார்த்துச் சூட்டை வைச்சுச் சொல்ல முடியுமா?

முடியும். 15, 20 கி.மீ. ஓட்டிவிட்டு, கடைசி ஒரு கி.மீ. பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வந்து நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், உடனே தொட்டுவிடாதீர்கள். இடதுக்கும் வலதுக்கும் தெளிவான வித்தியாசம் இருந்தால் சூடான பக்கத்தில் பேரிங்கோ, ஒட்டிக்கொண்ட பிரேக்கோ. வெயில் ஒரு பக்கமே அடித்துக்கொண்டிருந்த பயணமென்றால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சாயங்காலம் பொழுது இறங்கிய பிறகுதான் இந்தச் சோதனையைச் செய்வது.

சத்தம் பின்னாலிருந்துதான் வருதுன்னு நிச்சயமா தெரியும். காது பொய் சொல்லுமா?

சொல்லும். காரின் டிக்கி ஒரு குடம் மாதிரி, கீழே எங்கு அதிர்ந்தாலும் அது வாங்கி முழங்கும். முன்பேரிங் சத்தம் தரை வழியாக ஓடிப் பின்சீட்டில் கேட்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். பின்சீட்டில் ஒருவரைப் பெல்ட் போட்டு உட்கார வைத்து, முதலில் இடது ஓரம், பிறகு நிறுத்தி மாறி வலது ஓரம் என்று கேட்கச் சொல்லுங்கள். டிக்கியில் இருக்கும் சாமான்களை இறக்கிவிட்டு ஒரு முறை, மடக்கும் சீட்டானால் அதை மடக்கி ஒரு முறை. ஓட்டுகிறவர் காதைவிடப் பின்னால் இருப்பவர் காது நம்பகமானது.

என்னோடது பொலிரோ. கார் மெக்கானிக் கிரவுன் பினியன்கிறார். நம்பலாமா?

பொலிரோ, ஸ்கார்பியோ, பழைய இன்னோவா, டவேரா, சுமோ, ஈக்கோ, ஆம்னி எல்லாம் பின்சக்கரத்தால் உந்தப்படுபவை. அவற்றில் சந்தேக வட்டம் பெரிதாகிறது. கியர்பாக்ஸிலிருந்து நீளமாக ஒரு ஷாஃப்ட் வந்து, பின்னால் இருக்கும் உருண்டை ஹவுசிங்குக்குள் (கூட்டுக்குள்) பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்தால் கிரவுன் வீல் என்கிற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது.

இங்கே ஆக்சிலரேட்டர்தான் சாட்சி. 60-ல் ஒரே வேகத்தில் போங்கள். மிதிக்கும்போது ‘ஊம்ம்’ என்று வந்து, காலை எடுத்த உடனே அடங்கினாலோ குரல் மாறினாலோ கிரவுன் பினியன் பக்கம் பார்க்கலாம். மிதிப்பது பல்லின் ஒரு முகத்தில் அழுத்தம், விடுவது மறு முகத்தில். எந்த முகம் தேய்ந்ததோ அது கத்தும். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி என்றால் வீல் பேரிங்கையோ டயரையோ முதலில் பாருங்கள்.

சுருதியும் துணை செய்யும். இந்த வண்டிகளின் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் போகும். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் வினாடிக்கு எட்டுச் சுற்று. பினியன் அதைப்போல் ஏறக்குறைய நாலு மடங்கு, 30-க்கு மேல். அதனால் பினியன் பேரிங் கெட்டால் கீச்சுக் குரலில், குறைந்த வேகத்திலேயே கேட்கத் தொடங்கும். சக்கரப் பேரிங் அடிக்குரல்.

கழற்றுவதற்கு முன் எண்ணெயைப் பாருங்கள். ஹவுசிங்கின் பக்கத்து மூடியைத் திறந்தால் துளையின் விளிம்பு வரை எண்ணெய் நிற்க வேண்டும். பினியன் சீல் கசிந்து, எண்ணெய் இறங்கி, அதனால் கத்துகிற வண்டிகள் உண்டு. எண்ணெயை வடிக்கும் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். மாவு மாதிரிச் சாம்பல் பசை சாதாரணத் தேய்மானம். செதில், துண்டு என்று ஒட்டியிருந்தால் உள்ளே பல்லோ பேரிங்கோ உடைகிறது. எந்த எண்ணெய் ஊற்றுவது என்பதை வண்டியோடு வந்த புத்தகம் சொல்லும், மீதமிருக்கும் இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடக் கூடாது.

“பினியன் நட்டை ஒரு திருகு இறுக்கினா சத்தம் போயிடும்” என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அந்த இறுக்கம் அளந்து வைத்தது. கண்மூடி இறுக்கினால் பினியன் பேரிங் சூடேறிப் பாழாகும். புறப்படும்போது ‘டக்’ என்று ஒரு அடி கேட்டால் அது ஷாஃப்ட்டை இணைக்கும் யூ.ஜே. கிராஸ். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தரை அதிர்ந்தால், ஷாஃப்ட்டின் நடுவில் ரப்பரில் தொங்கும் சென்டர் பேரிங்கைப் பாருங்கள். இவை இரண்டும் கிரவுன் பினியனைவிட மிகவும் சின்னச் செலவு.

வண்டி நிக்கும்போதும் பின்னாடி ரீங்காரம் வருது. இது என்ன?

பெட்ரோல் வண்டியானால் பெரும்பாலும் டேங்குக்குள் இருக்கும் பம்ப். பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சாவியைப் போட்டதும் இரண்டு மூன்று வினாடி ‘ஸ்ஸ்ம்ம்’ என்று கேட்பது இயல்பு. ஓடும்போதும் விடாமல் கீச்சிட்டு, டேங்க் காலியாகக் காலியாகச் சத்தம் கூடினால் பம்ப் களைத்துவிட்டது, இல்லையென்றால் வடிகட்டி அடைத்திருக்கிறது. அந்தப் பம்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான். நம் ஊர்க் கோடையில் எப்போதும் ரிசர்வில் ஓட்டினால் பம்பின் ஆயுள் குறையும். கால் டேங்காவது வைத்திருங்கள்.

நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரைக் கொடுக்கும்போது ஒரு குறிப்பிட்ட சுற்றில் மட்டும் காருக்குள் ‘பூம்’ என்று முழங்கினால் சைலன்சர். தொங்கும் ரப்பர் அறுந்து குழாய் பாடியில் தொட்டுக்கொண்டிருக்கும். இன்ஜின் ஆறியபின் குழாயை ஆட்டிப் பார்த்தாலே எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

மழைத்தண்ணில வண்டி நின்னுச்சு. அதுக்கும் இந்தச் சத்தத்துக்கும் தொடர்பு இருக்கா?

நேரடித் தொடர்பு. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்து, வேலூரின் தாழ்வான தெருக்களிலும் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீர் வடிந்து வண்டிகள் ஓடத் தொடங்கியபோது ஒன்றும் தெரியவில்லை. வாரங்கள் போன பிறகுதான் வரிசையாகப் பின்பேரிங் சத்தத்தோடு வர ஆரம்பித்தன. பேரிங்கின் சீல் தெறிக்கிற தண்ணீரைத் தடுக்கும், மூழ்கினால் தாங்காது. சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் பால் மாதிரி வெளுத்துவிடும். வண்டி நிற்கும் நாட்களில் பால்ஸ் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் துரு பிடித்துச் சின்னக் குழி விழும். அந்தக் குழிதான் பின்னால் கத்துகிறது.

ஹப் உயரத்துக்குத் தண்ணீரில் நின்ற வண்டியானால், சத்தம் வரும்வரை காத்திருக்காமல் டிரம்மைத் திறந்து பாருங்கள். பின்சக்கர உந்து வண்டியானால் ஹவுசிங் எண்ணெயையும் மாற்றிவிடுங்கள். காற்றுப் போக்கி வழியாக அதற்குள்ளும் தண்ணீர் இறங்கும்.

மழைக்காலத்தில் இன்னொன்று: ஈரத்தோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்து நாலு நாள் நிறுத்தினால் ஷூ டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். எடுக்கும்போது ‘டப்’ என்று விடும், அப்புறம் ஒரு பக்கம் உரசிக்கொண்டே முனகும். சூடும் கருகல் வாசனையும் சேர்ந்து வந்தால் அதுதான்.

மேல கேரியர் போட்ட பிறகுதான் சத்தம் மாதிரி இருக்கு.

கழற்றிவிட்டு ஒரு முறை ஓட்டுங்கள், அவ்வளவுதான். டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் வைத்தவர்கள் அதன் பட்டையும் போல்ட்டும் இறுக்கமாக இருக்கிறதா என்று, பொருத்தியவரிடமே காட்டிப் பார்க்க வேண்டும். நீங்களாகத் திருக வேண்டாம்.

பேரிங்தான்னு உறுதியாச்சு. ஒரு பக்கம் மாத்தினா போதுமா?

போதும். கெட்டது ஒன்றானால் ஒன்றை மாற்றுங்கள். டிஸ்க் பேடு, ஷாக் மாதிரி ஜோடியாக மாற்ற வேண்டிய சாமான் இல்லை இது. வெள்ளத்தில் நின்ற வண்டிக்கும், லட்சம் கி.மீ. தாண்டி இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கில் அதிர்வு தெரிகிற வண்டிக்கும் மட்டும் இரண்டையும் சொல்வேன்.

மாத்தி மூணு மாசம் ஆகல, திரும்பக் கத்துது. சாமான் டூப்ளிகேட்டா?

இருக்கலாம், போலிப் பேரிங் சந்தையில் நிறைய ஓடுகிறது. பில்லோடு வாங்குங்கள். ஆனால் மாட்டிய விதத்தைத்தான் நான் முதலில் கேட்பேன். ஹப்புக்குள் இறக்கும்போது வெளி ரேஸை (பேரிங்கின் வெளி வளையத்தை) அழுத்த வேண்டும். உள் ரேஸைப் பிடித்து அழுத்தினால் அத்தனை பலமும் பால்ஸ் வழியாகப் போய், ரேஸில் கண்ணுக்குத் தெரியாத தடம் விழுந்துவிடும். சுத்தியலால் அடித்து இறக்கினால் சொல்லவே வேண்டாம். பேரிங் கடையை விட்டு வரும்போது புதிது, வண்டியில் ஏறும்போதே பழையது. உங்கள் ஆளிடம் பிரஸ் இல்லையென்றால், லேத்துக்குக் கொண்டுபோய் பிரஸ்ஸில் இறக்கச் சொல்லுங்கள்.

நட்டை டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியில் ‘டர்ர்’ என்று இறுக்கிவிட்டு விடக் கூடாது. விளிம்பைக் குத்தி மடக்கும் வகை நட்டானால் புது நட் போட வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே காந்த வளையம் இருக்கிறது. திருப்பி மாட்டினால் விளக்கு எரியும். சுத்தமான பேப்பர் கிளிப்பைக் கிட்டே கொண்டுபோனால் காந்தப் பக்கம் லேசாக இழுக்கும், அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் திரும்பத் திரும்பப் போனால் பேரிங் உட்காரும் ஆக்சில் முனையை அளக்க வேண்டும். பழைய பேரிங் இறுகி அதன் மேலேயே சுற்றியிருந்தால் முனை தேய்ந்திருக்கும். அதன் மேல் எத்தனை புதுப் பேரிங் போட்டாலும் நிற்காது.

பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கலாமா? மெக்கானிக் தப்பா நினைப்பாரா?

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை, அது உங்கள் சாமான். நான் கேட்காமலே கையில் கொடுப்பேன். சீலைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு ரேஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டிய தடத்தில் செதில் உரிந்த குழி இருந்தால் பாரத்தாலும் வயதாலும் போனது. செம்பழுப்புப் புள்ளிகள் இருந்தால் தண்ணீர். பால்ஸ் இடைவெளிக்குச் சரியாக, ஒரே அளவு தூரத்தில் தடங்கள் இருந்தால் பள்ளத்தில் அடித்ததோ, மாட்டும்போது அடித்ததோ. நீலம் பாய்ந்திருந்தால் கிரீஸ் இல்லாமல் காய்ந்து ஓடியது. பளபளவென்று குறையே இல்லாமல் இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு அதே ரோட்டில் இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். சத்தம் இன்னும் இருக்கும். டயரைத் தடவுங்கள்.